வெளிச்சம் பட்ட தளிர்கள்

எங்கள் லேபில் அவருக்கு ஷேடு அக்கா என்று பெயர். பொய்ப்பல் செய்யும் இடத்தில் ஷேடு என்றால் பல்லின் நிறம். வெளியில் இருப்பவர்களுக்குப் பல் வெள்ளை, அவ்வளவுதான். இந்த வேலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மஞ்சள் ஓடிய வெள்ளை, சாம்பல் ஓடிய வெள்ளை, டீ குடித்துக் குடித்து ஊறிப்போன வெள்ளை என்று அதில் எத்தனை வகை என்பது தெரியும். புதிதாக வைக்கும் பல், இருக்கிற பற்களோடு ஒட்டிப்போக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சிரிக்கும்போது அந்த ஒரு பல் மட்டும் தனியாக முன்னால் வந்து நிற்கும். அதனால் நிறம் பார்க்கும் வேலையை எங்கள் முதலாளி வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். மாதிரிப் பற்கள் கோத்த அட்டையை அக்கா ஜன்னல் பக்கம் எடுத்துப் போவார். கண்ணை இடுக்கி ஒரு பார்வை பார்ப்பார். "இவன் இல்ல, இவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன்" என்று அடுத்த பல்லைத் தொடுவார். அது சரியாக இருக்கும்.

நான் அவருக்குப் பக்கத்து மேஜை. செய்து முடித்த பல்செட்டுகளுக்குப் பாலிஷ் போடுவது என் வேலை. இங்கே சொல்லப்போவதில் கொஞ்சம் நான் நேரில் பார்த்தது. மிச்சம் அக்காவும் அவர் மருமகளும் தனித்தனியாக என்னிடம் சொன்னது. இரண்டு பேர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத இடங்களில் மருமகள் சொன்னதை எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அவள்தான் அன்று பயத்தில் இருந்தாள். பயந்தவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

அக்காவுக்கு ஸ்லைடு எடுக்கிற பழக்கம் பிடித்ததும் லேபில்தான். ஒரு காலத்தில் முதலாளி, பல் மருத்துவம் படிக்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போவார். அதற்காக ஈறு, பல், எக்ஸ்ரே எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளை ஸ்லைடாக எடுத்துத் தரும் வேலை அக்கா தலையில் விழுந்தது. ஸ்லைடு என்பது சின்னச் சட்டத்துக்குள் மாட்டிய பிலிம் துண்டு. பின்னாலிருந்து விளக்கைப் பாய்ச்சிச் சுவரில் பெரிதாகக் காட்டுவார்கள். ஒரு முறை பிலிமில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. வீணாகப் போவானேன் என்று அக்கா லேப் ஜன்னலுக்கு வெளியே நின்ற அத்திமரத்தின் கொழுந்தை எடுத்துவைத்தார். வகுப்புக்கு முன்னால் எல்லாவற்றையும் சுவரில் போட்டுச் சரிபார்த்தார்கள். கடைவாய்ப்பல், மறுபடி கடைவாய்ப்பல், சீழ் பிடித்த ஈறு, அதற்கடுத்து ஆள் உயரத்துக்கு ஓர் அத்தித் தளிர். முதலாளி எரிச்சலோடு அடுத்த படத்துக்குப் போகச் சொன்னாராம். அக்காவுக்குக் கை வரவில்லை.

"மடிச்சு வச்ச துணியைப் பாதி பிரிச்ச மாதிரி இருந்துச்சு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். "ஒவ்வொரு மடிப்பும் தெரியுது. முதுகுல பூனைமுடி. உள்ள ஓடுற நரம்பு அத்தனையும் தெரியுது. அந்த ஜன்னல் பக்கத்துல உக்காந்துதான் நாம தினமும் சாப்பிடுறோம். ஒரு நாளாவது பாத்திருக்கோமா?"

கலரில் எடுத்தால் இன்னும் நன்றாக இருக்காதா என்று நான் கேட்டேன்.

"கலர்ல எடுத்தா பச்சைதான் தெரியும். ஆஹா என்ன பச்சைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. பச்சையைக் கழிச்சிட்டுப் பாரு. அப்பத்தான் பட்டுப்புழு திங்கிற முசுக்கொட்டை இலை வேற, திராட்சை இலை வேறன்னு புரியும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் தளிர்களை எடுத்தார், கறுப்பு வெள்ளையில், ஸ்லைடாக மட்டும். முதலாளி வகுப்பு எடுப்பதை நிறுத்திய பிறகு ஸ்லைடு காட்டும் இயந்திரம் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிலிமைக் கழுவுவதையும் அவரே வீட்டுக் குளியலறையில் செய்தார்.

கேட்க எளிதாக இருக்கிறதே தவிர, பிடிவாதக்காரர்களுக்கு மட்டும் ஒத்துவரும் வேலை அது. தளிர், தளிராக இருப்பது கொஞ்ச நாள்தான். மொட்டு உடைந்து, மடிப்பு பிரிந்து, மினுமினுவென்று நிற்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் இலையாகியிருக்கும். காற்று அடித்தால் கேமரா முன்னால் தலையாட்டிக்கொண்டே இருக்கும். அதற்காகத் துணி மாட்டும் கிளிப்பைக் கம்பியில் கட்டிக் காம்பைப் பிடித்து வைப்பார். காற்றை மறைக்க அட்டை பிடிப்பது அவர் வீட்டுக்காரரின் பொறுப்பு. அவர் பஸ் ஓட்டுபவர். வாரம் முழுவதும் ஸ்டியரிங் பிடித்த கை, ஞாயிறு காலையில் அட்டை பிடித்தது. போதாக்குறைக்கு ஸ்லைடில் மன்னிப்பே கிடையாது. சாதாரண பிலிமில் வெளிச்சம் கூடக்குறைய விழுந்தாலும் பிரிண்ட் போடும்போது சரிக்கட்டலாம். ஸ்லைடில் கேமராவுக்குள் போனதுதான் சுவருக்கு வரும்.

அப்படிப்பட்டவருக்குத் தொடர்ந்து இரண்டு வசந்தங்கள் கைவிட்டுப் போயின. முதலாவதில் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகத் தெரிந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வருஷம் கழிந்தது. அடுத்த வருஷம் ஆசை ஆசையாக எடுத்தார். கழுவும் மருந்து பழசாகிக் கெட்டுப்போனது தெரியாமல் ஊற்றிவிட்டார். சுருள் முழுவதும் கன்னங்கரேல் என்று வந்தது. லேபில் வந்து ஒரு வார்த்தை பேசாமல் நாள் முழுக்க மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார். என்ன அக்கா என்று கேட்டதற்கு, "கரிக்கட்டை வித்தா வாங்குவியா?" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் மகனுக்குக் கல்யாணம் ஆனது. மகனுக்கு லிப்ட் பொருத்தும் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு தூரத்து ஊரில் ஏதோ பெரிய கட்டடம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அக்கா, அவர் வீட்டுக்காரர், புதிதாக வந்த மருமகள், இவ்வளவு பேர்தான். நல்ல பெண். நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருபவள். பிள்ளைகள் அவளுக்கு விசில் மிஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். குளத்தில் அவள் போடும் சத்தம் அடுத்த தெருவரை கேட்குமாம். வீட்டுக்கு வந்தால், அவள் பேசுவதைக் கேட்க நாம்தான் குனிய வேண்டும்.

அக்காவுக்கும் அவளுக்கும் சண்டை எதுவும் இல்லை. சண்டை போடும் அளவுக்குப் பழக்கமும் இல்லை. மருமகளை எப்படிக் கூப்பிடுவது என்பதே அக்காவுக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. வாங்க, போங்க என்றால் பெண்ணைத் தள்ளிவைப்பது போல இருக்கிறது. வா, போ என்றால் வந்தவுடனே அதிகாரம் செய்வது போல இருக்கிறது. அதனால் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். "சாப்பிட்டாச்சா?" "கிளம்பியாச்சா?" "துணி காயப்போட்டாச்சா?" யார் சாப்பிட்டார், யார் கிளம்பினார் என்பதெல்லாம் வாக்கியத்திலேயே கிடையாது. மருமகளும் கெட்டிக்காரி, "ஆச்சு அத்தை" என்று முடித்துவிடுவாள். மாதக்கணக்கில் இரண்டு பேரும் இப்படியே குடும்பம் நடத்தினார்கள்.

ஒரு நாள் மருமகள் கையிலிருந்து கண்ணாடி டம்ளர் ஒன்று நழுவி உடைந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் அலமாரியில் ஒரு டஜன் புது டம்ளர்கள் உட்கார்ந்திருந்தன. அக்காவுக்கு மனசு சங்கடமாகிவிட்டது. "நான் என்ன பூதமா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது.

வசந்தம் வந்தது. இந்த முறை எல்லாம் கூடிவந்தது. மருந்து புதிதாக வாங்கினார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் முசுக்கொட்டை மரம், டயர் கடைச் சுவரில் படர்ந்த திராட்சைக் கொடி, லேப் ஜன்னல் அத்தி எல்லாம் அடுத்தடுத்துத் துளிர்த்தன. ஒரு ஞாயிறு காலையில் காற்றே இல்லை. அவர் வீட்டுக்காரர் அட்டையை மடக்கி அதன்மேல் உட்கார்ந்தே விட்டாராம். திங்கட்கிழமை அக்கா லேபுக்குள் வரும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. "இந்தத் தடவை படம் விழுந்திருக்குன்னு நினைக்கிறேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்பது போல வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாரம் சனிக்கிழமைதான் கழுவ உட்கார்ந்தார். வீட்டுக்காரருக்குக் காலை டியூட்டி, மருமகளுக்குக் காலை வகுப்பு. வீடு காலி. அவர்கள் வீட்டில் ஒரே ஒரு குளியலறை. ஜன்னலில் கறுப்பு அட்டை ஒட்டி, கதவைச் சாத்தி, இருட்டில் பிலிமைக் கறுப்பு டப்பாவுக்குள் சுற்றி மூடினார். அந்த டப்பாவுக்குள் வெளிச்சம் போகாது, மருந்து மட்டும் போகும். மூடினால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு மருந்தாக ஊற்றி, குலுக்கி, கொட்டி, பாதி வேலை முடிந்திருந்தது. அப்போது போன் அடித்தது. முதலாளி.

"அக்கா, உடனே வரணும். பொண்ணோட அப்பா பல்லு உடைஞ்சிடுச்சு."

"எந்தப் பொண்ணோட அப்பா?"

"கல்யாணப் பொண்ணோட அப்பா. சாயங்காலம் கல்யாணம். இங்கதான் நிக்கிறாரு."

அக்கா செய்து கொடுத்த செட்தான். பல் விளக்கும்போது கை நழுவித் தொட்டியில் விழுந்து இரண்டாகிவிட்டது, முன்பல் இரண்டு நொறுங்கியும் போயிருந்தது. அந்த நிறத்துக்கு வேறு பல் எடுத்து வைக்க அக்காவால்தான் முடியும். அவர் டப்பாவைப் பார்த்தார். ஊற்ற வேண்டியது இன்னும் இருந்தது, ஆனால் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் தண்ணீரில் கிடந்தால் கெட்டுப்போகாது. மூடி போட்டபடியே கைகழுவும் தொட்டியில் வைத்தார். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று குழாயை அதன்மேல் சன்னமாகத் திறந்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

இதை நான் நேரில் பார்த்தேன். பெண்ணின் அப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பேசினால் பாதி காற்றாக வந்தது. "போட்டோல நான் சிரிக்கணும், என் பொண்ணு சொல்லியிருக்கா" என்பதை மூன்று தடவை சொல்லித்தான் எங்களுக்குப் புரியவைத்தார். அக்கா உடைந்த துண்டுகளைச் சேர்த்து, பல் தேடி, அச்சு எடுத்து வேலையில் இறங்கினார். ஒட்டுவதற்குக் குழைத்த மாவு இறுகுவதற்காகக் காத்திருக்கும்போது திடீரென்று நிமிர்ந்தார்.

"குழாயைத் திறந்துவிட்டு வந்துட்டேன்" என்றார்.

"தண்ணி தானேக்கா, போனா போகுது."

"தண்ணி போனா போகட்டும். மொட்டைமாடித் தொட்டி கறுப்புத் தொட்டி. வெயில் ஏற ஏறச் சூடாயிடும். பிலிம் மேல பூசினது ஊறிப்போய் மெத்து மெத்துன்னு நிக்குது. சூட்டுத் தண்ணி பட்டா பாலாடை மாதிரி கழண்டு வந்துடும்."

மருமகளுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். கையில் பாதி இறுகிய பல்செட். எதிரில் வாயைப் பொத்திய மனிதர். நான் முடித்துக்கொடுக்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் என் வேலையைப் பற்றிய அவருடைய கருத்து முழுவதும் இருந்தது. உட்கார்ந்து முடித்தார். பெண்ணின் அப்பா கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தபோது, அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டிருந்தார்.

இனி வீட்டில் நடந்தது.

மருமகள் வகுப்பு முடிந்து வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்தது. அத்தை பிலிம் கழுவும்போது கதவு சாத்தியிருக்கும், அப்போது தட்டக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். கதவு திறந்திருக்கிறதே, அப்படியானால் வேலை முடிந்துவிட்டது, மறந்து குழாயை மூடாமல் போயிருக்கிறார் என்று நினைத்தாள். குழாயை மூடினாள். தொட்டியில் கறுப்பு டப்பா. சும்மா நிற்பானேன், இதையும் கழுவிக் கவிழ்த்துவைத்தால் அத்தைக்கு ஒரு வேலை மிச்சம் என்று மூடியைத் திருகித் திறந்தாள்.

உள்ளே பிலிம் இருந்தது.

சுருள் சுருளாக, பால் நிறத்தில் வெளுத்துக் கிடந்தது. படம் என்று சொல்ல ஒரு கோடு இல்லை. பிலிமில் வெளிச்சம் பட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். தன் கண் எதிரிலேயே அழிந்துவிட்டது என்று முடிவு செய்தாள். மூடியைப் போட்டு இறுக்கினாள். பிறகு குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். போனை எடுத்துப் பார்த்தால் அத்தையின் அழைப்புகள். திருப்பிக் கூப்பிட விரல் வரவில்லை. இரண்டு வசந்தங்கள் போன கதையை வீட்டுக்கு வந்த வாரமே மாமா சொல்லியிருந்தார். மூன்றாவதை நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தாளாம். கொன்றுவிட்டேன் என்ற வார்த்தையே மனசில் வந்தது என்று என்னிடம் சொன்னாள்.

மாமா டியூட்டி முடிந்து வந்து பார்க்கும்போது அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, வழுக்கி விழுந்துட்டியா?"

"இல்ல மாமா. அத்தையோட டப்பாவைத் திறந்துட்டேன்."

அவருக்கும் இந்த வேலையில் அட்டை பிடிப்பதைத் தவிர எதுவும் தெரியாது. எட்டி டப்பாவைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு அவளுக்குப் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார். "நான் திறந்தேன்னு சொல்லிடறேன்."

"வேண்டாம் மாமா."

"கேளு. என்னை மன்னிச்சு மன்னிச்சு அவளுக்குப் பழக்கமாயிடுச்சு. உன்னை மன்னிச்சு இன்னும் பழக்கமில்ல. எது சுலபம்னு யோசிச்சுப் பாரு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அது முடிவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். அக்கா மூச்சிரைக்க உள்ளே வந்தார். இரண்டு பேரும் தரையிலிருந்து எழுந்தார்கள்.

"நான்தான் திறந்தேன்" என்றார் அவர் வீட்டுக்காரர்.

"இல்ல அத்தை, நான்தான் திறந்தேன்" என்றாள் மருமகள்.

அக்கா இருவரையும் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். "குழாயை யாரு மூடினது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"நான்தான்" என்றாள் மருமகள். "வந்ததும் மூடிட்டேன். தண்ணி வீணாப் போகுதேன்னு. ஆனா அதுக்கப்புறம்…"

"அப்ப தண்ணி எப்படி இருந்துச்சு? சூடா?"

"இல்ல. லேசா வெதுவெதுன்னு ஆரம்பிச்சிருந்துச்சு."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். வழி நெடுக மனசுக்குள் பிலிம் பாலாடையாகக் கழன்று வடிந்துகொண்டிருந்ததாம். அது நின்றது.

"நல்லவேளை" என்றார். "நல்லவேளைம்மா."

"அத்தை, நான் சொல்றதைக் கேளுங்க. மூடியைத் திறந்துட்டேன். வெளிச்சம் பட்டுடுச்சு. எல்லாம் அழிஞ்சுபோச்சு. உள்ள வெறும் வெள்ளையா இருக்கு."

"எந்த மாதிரி வெள்ளை?"

பல் லேபில் ஆயுளைக் கழித்தவர் வேறு என்ன கேட்பார். மருமகள் திகைத்தாள். "பால் மாதிரி. கொஞ்சம் மஞ்சள் கலந்த பால் மாதிரி."

அக்கா டப்பாவை எடுத்தார். மூடியைத் திருகி, அவர்கள் இருவர் கண் எதிரிலும், எரிகிற விளக்குக்கு நேர் கீழே, திறந்தார். மருமகள் தன்னை அறியாமல் கையை நீட்டித் தடுக்கப் போனாள். அக்கா சுருளை வெளியே எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். வழித்த பாலாடை போல எதுவும் தொங்கவில்லை. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"இது வெளிச்சம் பட வேண்டிய நேரம்" என்றார். "நான் இருந்திருந்தா நானே திறந்து இப்படிக் காட்டியிருப்பேன்."

அவரே விளக்கினார். "முதல் மருந்துல வர்றது தலைகீழ்ப் படம். கறுப்பு வெள்ளையா இருக்கும், வெள்ளை கறுப்பா இருக்கும். அடுத்த மருந்து அதை அரிச்சு எடுத்துடும். அப்புறம் மிச்சம் இருக்கிறதுதான் நேர்ப்படம், ஆனா கண்ணுக்குத் தெரியாது. அதுல வெளிச்சம் படணும். பட்டாத்தான் அடுத்த மருந்துல எழும்பும். காலையில முதல் மருந்துக்கு முன்னாடி திறந்திருந்தா எல்லாம் போயிருக்கும். இப்ப திறந்ததுல ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப நான் எதையும் கெடுக்கலையா?"

"நீ குழாயை மூடலைன்னாதான் கெட்டுப்போயிருக்கும். நீ வந்துதான் காப்பாத்தியிருக்க. வா, இதைப் பிடி. நீயே காட்டு."

நீ என்று வாயில் வந்துவிட்டதை அக்கா அப்போது கவனிக்கவில்லை. மருமகள் கவனித்தாள். மறுபடியும் அழத் தொடங்கினாள், இந்த முறை சத்தமாக, நீச்சல் குளத்துச் சத்தத்தில். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க, சந்தோஷம்தான்" என்று மாமா சமாளித்து அனுப்பினார்.

பிறகு சுருளை மருமகளே விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிக் காட்டினாள். முழுதும் பட்டுவிட்டதா என்று நான்கு தடவை கேட்டாள். அக்கா அடுத்த மருந்தை ஊற்றினார். இனி இருட்டு தேவையில்லை என்பதால் மூடி போடவில்லை. மூன்று தலைகளும் கைகழுவும் தொட்டிக்கு மேல் குனிந்து நின்றன. முதலில் ஒன்றும் இல்லை. பால்நிறம் பால்நிறமாகவே இருந்தது. பிறகு ஓரத்தில் சாம்பல் ஓடியது. சாம்பல் கறுத்தது. கறுப்புக்கு நடுவில், கறுக்காமல் நின்ற இடங்களில், நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அளவில், வெளிச்சமான சின்னச் சின்ன இலைகள் தெரிந்தன.

"அத்தை, நரம்பு தெரியுது" என்றாள் மருமகள்.

அக்கா இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார். அவர் வீட்டுக்காரர் மெதுவாக அவர் முதுகைத் தட்டினார். மிச்ச வேலையை முடித்து, பிலிமைக் கழுவி, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட பிறகுதான், காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. சமையலறையில் நின்றபடியே, கிடைத்ததைப் பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். அக்கா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வசந்தத்தில் அக்கா பகலில் தூங்கி அவர் வீட்டுக்காரர் பார்த்ததில்லையாம். எழுப்ப வேண்டாம் என்று மருமகள் தலைக்கு ஒரு தலையணை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் என்னையும் கூப்பிட்டார்கள். படுக்கையறைச் சுவரில் காலண்டரைக் கழற்றிவிட்டு ஸ்லைடுகளைப் போட்டார் அக்கா. எல்லாமே நன்றாக வந்தன என்று சொன்னால் பொய். சில படங்களில் காற்று புகுந்து கலைத்திருந்தது. இரண்டு மூன்று கொஞ்சம் இருட்டு. ஆனால் நன்றாக வந்தவை நன்றாகவே வந்திருந்தன. திராட்சைத் தளிரின் விளிம்பு முழுவதும் பஞ்சு போல மயிர், அதில் மாட்டிக்கொண்ட ஒரு பனித்துளி. அத்திக் கொழுந்து, இன்னும் உறை கழலாமல், கூம்பாக. முசுக்கொட்டை இலை ஒன்று, சுருக்கம் சுருக்கமாக, பிறந்த குழந்தையின் உள்ளங்கை போல. இத்தனை சாம்பல் நிறங்கள் இருக்கின்றன என்பது பல் லேபில் வேலை பார்க்கும் எனக்கே அன்றுதான் தெரிந்தது. மருமகள் ஒவ்வொன்றுக்கும் "இது எந்த மரம் அத்தை?" என்று கேட்டாள். இரண்டு தடவை தவறாக ஊகித்தாள். அக்கா திருத்தினார். அவளுக்கு இலைகளில் பெரிய ஆர்வம் வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தான் கெடுத்துவிடவில்லை என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்டாள், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது. அதுவும் நியாயம்தானே.

கடைசிக்கு முந்தின ஸ்லைடு வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். படத்தின் ஒரு பக்கம் முசுக்கொட்டைத் தளிர். இன்னொரு பக்கம், அதைவிடப் பெரிதாக, வெகு துல்லியமாக, அட்டை பிடித்திருந்தவரின் கட்டைவிரல். நகத்தில் கிரீஸ் கறைகூடத் தெரிந்தது.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், விரலை உள்ள நீட்டாதீங்கன்னு" என்றார் அக்கா.

"அதுவும் தளிர்தான்" என்றார் அவர் வீட்டுக்காரர். "வருஷம் பூரா இருக்கிற தளிர்."

அக்கா அதை ஒதுக்கிவைக்கப் போனார். மருமகள் அது தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அதுதான் என்று பிறகு அக்கா சொன்னார். அதைப் பஞ்சில் சுற்றி, சின்ன அட்டைப்பெட்டியில் போட்டு, தூரத்து ஊரில் லிப்ட் பொருத்திக்கொண்டிருந்த கணவனுக்கு அனுப்பிவைத்தாள். பெட்டி போய்ச் சேர்ந்த அன்று மகன் போன் செய்தான். ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தானாம்.

"என்னம்மா இது, அப்பா விரலா?"

"ஆமாண்டா" என்றார் அக்கா. "பக்கத்துல இருக்கிறது முசுக்கொட்டை. அதையும் பாரு."